பதின்மூன்று பாகைப் பள்ளம்

ரொறொன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் கோல்ஃப் ஆடும் அச்சுவேலி அண்ணன்மார், தம்பிமாருக்கும், இரண்டு மூன்று வருடமாகப் பை தூக்கத் தொடங்கியிருக்கும் அக்காமார், தங்கச்சிமாருக்கும்,

இதை ஊரிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்து ஒரு கிழமை. உங்கள் வாசலில் பனி குவிந்து கிடக்கும். என் வளவில் மாரிமழை குடித்த செம்மண் இன்னும் காயவில்லை. இந்த மாதத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களில் பாதிப்பேர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்துவந்தேன். கைபேசியில் வெட்ஜ் என்கிற குறுந்தூரத் தடிகளைப் பார்ப்பீர்கள். போன வருட மாதிரிகளுக்கு விலை இறங்கியிருக்கும். ஒன்று வாங்கினால் மற்றது பாதி விலை என்று போட்டிருக்கும். திடல்கள் திறக்க முன்னம் வீட்டுக்கு வந்துவிடும் என்று ஆசை காட்டும். அந்தப் பொத்தானை அழுத்த முன்னம் இதை வாசியுங்கள். உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது பொத்தானை அழுத்தியபின் கேட்டால் பயனில்லாதது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் ஆடினோம். எங்களில் ஒருவருக்கு, பெயர் வேண்டாம், வாசிக்கும்போது அவருக்கே தெரியும், கொடிக்கு 88 யார் மிச்சம். பையில் நாலு வெட்ஜ், நாலும் கண்ணாடி மாதிரி மினுங்கின. ஒன்றை உருவினார், வைத்தார். இன்னொன்றை உருவினார், அதையும் வைத்தார். கடைசியில் சான்ட் வெட்ஜை எடுத்து உடம்பில் இருந்த பலம் முழுவதையும் கூட்டி வீசினார். பந்து கிரீனுக்கு முன்னால் உள்ள மணற்குழிக்குள் போய் இருந்தது. அடுத்த குழியிலும் கிட்டத்தட்ட அதே தூரம். இந்த முறை பிட்சிங் வெட்ஜை எடுத்து, பயந்து பயந்து தட்டினார். பாதியில் கை கூசிவிட்டது, பந்து நிலத்தோடு உரசிக்கொண்டு கிரீனைத் தாண்டி ஓடியது. “இண்டைக்கு என்ரை கை சரியில்லை” என்றார்.

கை சரியாகத்தான் இருந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் நான் வெட்ஜ்களின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். பிட்சிங் வெட்ஜில் எண் இல்லை, எழுத்து மட்டும். அது 44 பாகை என்று பிறகு தேடி அறிந்தேன். மற்ற மூன்றிலும் எண் இருந்தது: 56, 58, 60. ஆக, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 12 பாகை. பிறகு வந்த மூன்றும் இரண்டு இரண்டு பாகை இடைவெளியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரே தூரத்துக்கு அடிக்கிற மூன்று தடிகள். அவர் ஒரே சாமானை மூன்று தரம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். முருங்கைக்காய் வாங்க ஸ்காபரோவில் இரண்டு கடை ஏறி இறங்குகிற மனிதர் இவர்.

அவரைச் சொல்லி நான் தப்ப முடியாது. எனக்கும் இதுதான் நடந்தது. ஓய்வு பெற்ற வருடம் நான் வாங்கிய இரும்புத்தடித் தொகுதியில் பிட்சிங் வெட்ஜ் 43 பாகை. கடைக்காரப் பெடியன் “எல்லாரும் இதுதான் வாங்குவினம்” என்று 56 பாகை சான்ட் வெட்ஜ் ஒன்றைக் கையில் தந்தான். நானும் தலையாட்டினேன். பிட்சிங் வெட்ஜ் எனக்கு 105 யார் போகும். 56 பாகை 65 யார் போகும். நடுவில் பதின்மூன்று பாகை, நாற்பது யார். அந்த நாற்பது யாருக்குள்தான் என்னுடைய இரண்டாவது, மூன்றாவது அடி அதிகம் வந்து விழுகிறது. இரண்டு கோடைகாலம் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து விழுந்து எழும்பி, பயிற்சி ஆசிரியருக்கும் காசு கட்டியபிறகுதான் பிழை தோளில் இல்லை, பையில் என்று விளங்கியது.

நாங்கள் ஏன் இப்படி ஏமாறுகிறோம்? தடியில் எழுதியிருக்கும் பெயரை நம்புகிறோம். பெயர் மாறாமல் அப்படியே இருக்க, அதற்குள்ளே இருக்கும் பாகை மெல்ல மெல்ல நழுவிப் போய்விட்டது. 1970களில் பிட்சிங் வெட்ஜ் என்றால் 50 பாகைக்குக் கிட்ட. பிறகு 48 ஆயிற்று. இன்று எங்களைப் போன்றவர்களுக்கென்று, அடிக்க இலகுவானது என்று விற்கிற தொகுதிகளில் 43, 44 சாதாரணம். அதற்குக் கீழேயும் இருக்கிறது. எங்கள் தாத்தாமார் கோல்ஃப் ஆடியிருந்தால் இதை ஒன்பதாம் இரும்பு, ஏன் எட்டாம் இரும்பு என்றே சொல்லியிருப்பார்கள். தயாரிப்பாளர்கள் செய்தது முழுக்கக் கள்ளவேலை என்றும் சொல்ல மாட்டேன். இப்போதைய தடித் தலைகளில் பாரத்தைக் கீழே இறக்கி வைக்கிறார்கள், அதனால் பந்து தானாகவே உயரக் கிளம்புகிறது. அந்த உயரத்தைக் கட்டுப்படுத்தப் பாகையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் கடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு “ஐயோ, பழைய தடியை விடப் பத்து யார் கூடப் போகுது” என்று நீங்கள் மகிழ்ந்து காசு கொடுப்பதும் அதே காரணத்தால்தான். முன்பக்கத்தில் பத்து யார் தந்தார்கள். பின்பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டு, அதை அடைக்க இன்னொரு தடியையும் விற்கிறார்கள்.

இந்தப் பாகைக்குக் கோல்ஃபில் பெயர் லொஃப்ட், சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். தடியின் முகம் செங்குத்திலிருந்து எவ்வளவு பின்னுக்குச் சரிந்திருக்கிறது என்பதுதான் அது. ஏழாம் வகுப்பில் கொம்பாஸ் பெட்டிக்குள் கிடந்த பாகைமானியை வைத்து அளந்தோமே, அதே பாகை. சரிவு கூடினால் பந்து உயரும், தூரம் குறையும், விழுந்த இடத்தில் நிற்கும்.

இங்கே வரும்போது பெட்டிக்குள் இரண்டு வெட்ஜும், துளை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒரு பையும் கொண்டுவந்தேன். யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் திடல் எங்கே? நாங்கள் சிறுவராக இருந்தபோது கோல்ஃப் என்றால் கொழும்பும் நுவரெலியாவும் வெள்ளைக்காரன் விட்டுப்போன கழகங்களும்தான். கொழும்புக் கழகம் 1879இல் தொடங்கியது, திடலுக்கு நடுவால் களனிவெளி ரயில் போகும் என்பதெல்லாம் எங்களுக்குக் கதை. இப்போதும் இங்கிருந்து ஆட வேண்டுமென்றால் திருகோணமலை சீனக்குடா விமானப்படைத் திடல்போல எங்காவது தூரத்துக்குப் போக வேண்டும். ஆகவே பின்வளவில், மாமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் தட்டிக்கொண்டு நிற்பேன். மதிலுக்கு மேலால் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். “மாமா புல்லு வெட்டுறார்.”

ஒருநாள் பக்கத்து வளவு அப்பு வந்தார். எண்பது தாண்டியவர், வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 56 என்று பொறித்த வெட்ஜைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி முகத்தின் சரிவைப் பார்த்தார். விளையாட்டு என்ன என்று கேட்கவில்லை.

“இது ஆர் சரிச்சது தம்பி? கொல்லனோ?”

“மெசின் அப்பு.”

“உன்ரை உயரமும் கையும் பாத்தோ சரிச்சவங்கள்?”

எனக்குப் பதில் இல்லை. அவர் போய்த் தன்னுடைய மண்வெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினார். தோட்டம் கொத்த ஒரு சரிவு, பாத்தி கட்ட ஒரு சரிவு, வாய்க்கால் வழிக்க ஒரு சரிவு. பிடி பூட்டுகிற காதுக்குள் சின்ன ஆப்பு ஒன்றை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இறுக்கி, தனக்கு ஏற்றமாதிரிச் சரித்துக்கொள்வாராம். “மற்றவன்ரை மண்வெட்டியாலை கொத்தினா நாரிதான் நோகும்” என்றுவிட்டுப் போய்விட்டார். வெட்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஆப்பு என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. எங்களுக்கு வைக்கப்பட்ட ஆப்பு எது என்று கேட்டிருப்பார்.

அண்ணன்மாரே, நாங்கள் அந்த மனிதர்களின் பிள்ளைகள். ஒரு மண்வெட்டியைக்கூடச் சரிவு பார்க்காமல் வாங்காத வீடுகளில் பிறந்துவிட்டு, இருநூறு டொலர் தடியைப் பெயர் பார்த்து வாங்குகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. மடலுக்குக் காரணம் அவ்வளவுதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? மேலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிட்சிங் வெட்ஜ் எத்தனை பாகை? தயாரிப்பாளரின் பக்கத்தில் தொகுதியின் பெயரைப் போட்டால் அட்டவணை வரும். பிறகு கீழ் எல்லை: மணற்குழியிலிருந்து நீங்கள் நம்பி எடுக்கிற தடி எது? பெரும்பாலானவருக்கு அது 54 முதல் 56. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதைச் சமமாகப் பங்கு போடுங்கள், ஒவ்வொரு இடைவெளியும் நாலுக்கும் ஆறுக்கும் இடையில் இருக்கட்டும். பிட்சிங் வெட்ஜ் 44 என்றால் 50, 56 போதும், இடையில் ஆறு ஆறு. 46 என்றால் 51, 56. என்னுடைய 43க்கு நான் 49ஐயும் 55ஐயும் எடுத்தேன். அந்த 55 புதிதாக வாங்கியது அல்ல, பழைய 56ஐ ஒரு பாகை வளைத்துக்கொண்டேன். 49 பாகை தனிவெட்ஜ் அல்ல, என் தொகுதியோடு சேர்ந்தது. சில நிறுவனங்கள் அதில் ஏ என்றும், சில ஜீ என்றும், சில யூ என்றும் பொறிக்கும். எழுத்தை விடுங்கள், பாகையைக் கேளுங்கள். தொகுதியோடு சேர்ந்ததை எடுப்பதில் இன்னொரு நன்மை, தண்டும் பாரமும் ஒன்றாக இருக்கும். மற்ற இரும்புகள் எல்லாம் இலேசான கிராபைட், வெட்ஜ் மட்டும் பாரமான உருக்கு என்று வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர்களைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

நாலு நாலு பாகையாக நாலு வெட்ஜ் வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று மார்க்கம் நகரத்துத் தம்பி ஒருவர் கேட்டார். வேகமாக வீசுகிறவருக்கு நல்லதுதான், நாலு பாகைக்குப் பத்துப் பன்னிரண்டு யார் வித்தியாசம் வரும். மெதுவாக வீசுகிற எங்களில் பலருக்கு அது ஏழெட்டாகச் சுருங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்துக்கு ஒரு இடத்தைக் கொடுக்கிறோம். பையில் 14 தடிதான் வைக்கலாம். மிஞ்சினால் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி, ஒரு சுற்றுக்கு நாலு அடிவரை தண்டம். நாலாவது வெட்ஜ் உள்ளே வர, மேலே எது வெளியே போகிறது என்று யோசியுங்கள். உங்கள் பையில் இன்னும் மூன்றாம் இரும்பு கிடந்தால், அது போகட்டும், நானே வந்து தூக்கி எறிவேன். ஆனால் 160 யாருக்கு நம்பி எடுக்கிற ஹைபிரிட்டைக் கழற்றிவிட்டு 60 பாகை வைக்காதீர்கள். மிச்சத் தூரங்களை அரை வீச்சிலும் முக்கால் வீச்சிலும் எடுக்கலாம். இடதுகை ஒன்பது மணி முள்ளின் இடத்துக்கு வரும்வரை மட்டும் தூக்கி அடித்துப் பழகினால் ஒரே தடி இரண்டு தடியாகிவிடும், காசும் மிச்சம்.

60 பாகை என்றதும் எனக்குக் குரல் உயர்கிறது. லொப் வெட்ஜ் கெட்ட தடி அல்ல. 1980களின் தொடக்கத்தில் டொம் கைட் அதைப் பையில் வைத்துக் காட்டியபிறகுதான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பில் மிக்கல்சன் 64 பாகை வரை போனவர். அவர்கள் நாள் முழுக்க அதையே அடித்துப் பழகுகிறவர்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆடுகிற எங்களுக்கு அந்தச் சரிவில் தடி பந்துக்கு அடியால் நழுவிப் போகும். பந்து நேரே மேலே கிளம்பி, காலடியில் வந்து விழும். இல்லாவிட்டால் விளிம்பு பட்டு, கிரீனுக்கு அப்பால் நிற்பவரின் முழங்காலைத் தேடும். கிரீன் ஓரத்தில் தடை எதுவும் இல்லாத இடத்தில்கூட அதை உருவுகிறீர்கள். அந்த இடத்தில் பிட்சிங் வெட்ஜால் தட்டி உருட்டிவிட்டால் ஐந்து தரத்தில் நாலு தரம் கொடிக்குக் கிட்டப் போகும். அழகில்லை என்பீர்கள். கணக்குத்தாளில் அழகுக்கு ஒரு கட்டமும் இல்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும், அதைக் கவனிக்கிறவர்களே குறைவு. 56.10 என்று பொறித்திருந்தால் 56 லொஃப்ட், 10 பவுன்ஸ். தடியின் அடிப்பாகத்தில் பின்விளிம்பு முன்விளிம்பைவிடக் கீழே தொங்குகிற அளவு அது. அது கூடினால் தடி மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போகும், குறைந்தால் கொத்தும். இதை எனக்கு விளங்கவைத்தது இந்தச் செம்மண்தான். மழை பெய்த மறுநாள் காலை 4 பவுன்ஸ் உள்ள 60 பாகையால் அடித்தேன், அப்புவின் மண்வெட்டி தோற்றுவிடும், அரைக் கடகம் மண் எழும்பியது. 10 என்று பொறித்த மற்றது அதே இடத்தில் புல்லை மட்டும் சீவிக்கொண்டு போனது. ஒன்ராறியோவில் ஏப்ரல், மே மாதங்களில் திடல் இப்படித்தான் ஊறிக் கிடக்கும். ஆழமாகக் கொத்துகிற கை உள்ளவர்கள், அதாவது எங்களில் முக்கால்வாசிப்பேர், சான்ட் வெட்ஜில் பத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஆகஸ்டில் காய்ந்து இறுகிய தரையில் அது கொஞ்சம் துள்ளும், பரவாயில்லை.

இந்த அடிப்பாகத்தின் கதை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு தச்சனின் மகன், எட்டு வயதிலிருந்து மற்றவர்களின் பை சுமந்தவன். சொந்தப் பெயர் யூஜினியோ சராசெனி. வயலின் வாசிக்கிறவனின் பெயர்போல் இருக்கிறது என்று ஜீன் சராசென் என்று மாற்றிக்கொண்டான். புகலிட நாட்டில் பெயரைச் சுருக்கியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. விமானி ஹவார்ட் ஹியூஸோடு விமானத்தில் போனபோது வால் இறங்க மூக்கு எழும்புவதைக் கவனித்து, தன் தடியின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டிப் பார்த்தான். 1932இல் இங்கிலாந்துப் பிரின்சஸ் திடலில், மற்றவர்கள் கண்ணில் படாமல் அந்தத் தடியை மறைத்து மறைத்து வைத்து, பிரிட்டிஷ் ஓப்பனை வென்றான். இன்று நாங்கள் சான்ட் வெட்ஜ் என்று வாங்குவது அந்த ஒட்டுவேலையின் பேரப்பிள்ளை. அந்தத் தச்சன் மகனும் எங்கள் அப்புவும் ஒரே திண்ணையில் இருந்திருந்தால் நன்றாகப் பேசியிருப்பார்கள்.

அவர்கள் செய்தது உங்களாலும் முடியும். தடி பொருத்தும் கடைகளில் வளைக்கிற இயந்திரம் இருக்கிறது. ஒன்றிரண்டு பாகை வளைக்கப் புதுத்தடியின் விலையில் சிறு பங்கே போகும். 56.10ஐ 54 ஆக்கினால் பவுன்ஸும் இரண்டு குறைந்து எட்டாகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். என் நாலு வெட்ஜ் நண்பர் புதுத்தடி ஒன்றும் வாங்காமலே 58ஐ விற்றுவிட்டு, 60ஐ ஒதுக்கிவிட்டு, 50 பாகை பழைய தடி ஒன்றைத் தேடினால் முடிந்தது.

இனிக் கேட்கிறேன். ஏப்ரல் முடியும்வரை ஒருவரும் வெட்ஜ் வாங்காதீர்கள். நான் சித்திரை வருடப்பிறப்புக்கு இங்கே நின்றுவிட்டு வந்துசேர்வேன். ஏப்ரல் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் வழக்கமாகப் போகும் பயிற்சித் திடலில் எல்லோரும் பையோடு வாருங்கள். அளக்கிற கருவியை நான் ஒழுங்குசெய்கிறேன். ஒவ்வொரு வெட்ஜாலும் பத்துப் பந்து. தூரம் கூடிய இரண்டையும் குறைந்த இரண்டையும் விட்டுவிட்டு மிச்ச ஆறின் சராசரியை எழுதுவோம். நல்லாய் அடிபட்ட ஒன்றை மட்டும் நினைவில் வைத்து “என்ரை வெட்ஜ் 120 போகும்” என்று சொல்லும் பழக்கம் அன்றைக்கு வேண்டாம். வேண்டாம் என்று முடிவாகிற தடிகளை ஒரு பெட்டியில் போடுங்கள், புதிதாகத் தொடங்கும் தங்கச்சிமாரும் பிள்ளைகளும் தங்கள் இடைவெளிக்குப் பொருந்துகிறதை எடுக்கட்டும்.

சுற்றுப்போட்டிக் குழுவினரே, உங்களிடமும் ஒன்று. போன வருடம் குலுக்கலில் 60 பாகை லொப் வெட்ஜைப் பரிசாகக் கொடுத்தீர்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். வென்றவர் அதை மறுநாளே பையில் செருகிக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் கணக்குத்தாளை யாருக்கும் காட்டுவதில்லை. இந்த வருடம் அந்தக் காசில் மூன்று பேருக்குத் தடி அளந்து வளைக்கிற சீட்டைக் கொடுங்கள்.

வருகிறபோது பிட்சிங் வெட்ஜின் பாகையை மட்டும் வீட்டிலேயே பார்த்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மற்றதை அங்கே பார்ப்போம். அந்த 88 யார் அண்ணை, நீங்கள் நாலையும் கொண்டு வாங்கோ.

அன்புடன்,
அச்சுவேலியிலிருந்து உங்களில் ஒருவன்